சாக்கில் பழகிய குட்டிக்குக் கால்மிதியும் சாக்குதான்

கேள்வி: காட்பாடியில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். குடியாத்தம் பக்கத்தில் உறவினர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைப் பிள்ளைகளின் ஆசைக்காகக் கொண்டுவந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. இப்போது அதற்குப் பத்து வாரம். முதல் தடுப்பூசி போட்டுவிட்டோம். கொட்டகையில் ஓரமாகக் கிடந்த பழைய சாக்குகளின் மேல்தான் குட்டிகள் எல்லாம் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் என்று உறவினர் சொன்னார். இங்கே வந்ததிலிருந்து பூஜை அறை வாசலில் உள்ள கால்மிதியிலும் பிள்ளைகளின் பாயிலும்தான் போகிறது. மொட்டை மாடிக்கு அழைத்துப் போனால் அரை மணி நேரம் விளையாடிவிட்டு, கீழே இறங்கி வந்ததும் வீட்டுக்குள் போகிறது. ஒருமுறை மாடியில் போனது மழைநீர்க் குழாய் வழியே கீழ் வீட்டு முற்றத்தில் இறங்கி, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் மட்டும் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. குட்டியின் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து இரண்டு போடு போட்டால்தான் புத்தி வரும் என்கிறார். அணைக்கட்டு என்ற ஊரில் அவர் பிறந்த வீட்டில் எத்தனையோ நாய்கள் வளர்ந்தனவாம். ஒன்றுக்கும் யாரும் பழக்கிக் கொடுக்கவில்லையாம். ஒன்றும் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததில்லையாம். அடிக்கலாமா? எத்தனை நாளில் பழகும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடிக்க வேண்டாம். மூக்கைத் தேய்க்கவும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் சாக்கைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தச் சாக்கில்தான் இருக்கிறது.

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும்; தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும், கால் ஊன்றத் தொடங்கிய குட்டி, தான் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்து போய் வேறோர் இடத்தில் கழிக்கிறது. படுக்கையை நனைக்கக் கூடாது என்ற எண்ணம் நாயினத்துக்குப் பிறவியிலேயே உண்டு. அதன் பிறகு, எட்டு ஒன்பது வாரம் ஆகும்போது, எந்தத் தரையில் நின்று கழித்ததோ அந்தத் தரையின் தொடு உணர்வைக் கால் நினைவில் வைத்துக்கொள்கிறது. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். சிமெண்டில் அடைத்து வளர்த்த குட்டி சிமெண்டைத் தேடும். உங்கள் குட்டி சாக்கைத் தேடுகிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரை பரந்து கிடக்கும் வீட்டில், அதன் காலுக்குச் சொரசொரப்பாகச் சாக்கைப் போலத் தட்டுப்படுபவை கால்மிதியும் பாயும்தான். பூஜை அறை வாசலை அது வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த கழிப்பிடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போகிற குட்டி அது. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்; அவருடைய மனக்கசப்பு பாதி குறையும்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. அணைக்கட்டுப் பக்கத்து வீடுகளில் நாய்க்குத் திண்ணையடியும் களத்து மேடும்தான் இருப்பிடம். கதவு பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். பத்தடி நடந்தால் மண் தரை. குட்டிக்கு அவசரம் வந்தபோதெல்லாம் வழியும் திறந்திருந்தது, மண்ணும் காத்திருந்தது. யாரும் பழக்கவில்லை என்று தோன்றினாலும், அந்த வீட்டின் அமைப்பே பழக்கியது. உங்கள் வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது, மண்ணுக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு மாடிப்படி இருக்கிறது, குட்டியால் கைப்பிடியைத் திறக்க முடியாது. எனவே அந்தக் களத்து மேடு செய்த வேலையை இன்னும் சில வாரங்களுக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும். தவறான இடத்தில் போக வாய்ப்பே கொடுக்காமல் பார்த்துக்கொள்வது, சரியான இடத்தில் அது போகும்போது கூட நிற்பது: வேலை இவ்வளவுதான் என்றாலும் இதில் விடுமுறை கிடையாது.

இப்போது அடியைப் பற்றி. குட்டி ஒன்றைச் செய்வதற்கும் அதன் பலன் கிடைப்பதற்கும் நடுவில் ஓரிரு வினாடிகளுக்கு மேல் போனால், இரண்டையும் அது முடிச்சுப் போடாது. பத்து நிமிடம் கழித்து ஈரத்தைப் பார்த்து அடித்தால், அது கற்றுக்கொள்வது ‘ஈரம் இருக்கும்போது பாட்டி வந்தால் அடி விழும்’ என்பதை மட்டுமே. கையும் களவுமாகப் பிடித்து அடித்தால் இன்னும் கெடுதல்: மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது என்று அது முடிவுகட்டும். அதற்குப் பிறகு நீங்கள் மாடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் எதிரில் போகாது. கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய் ஒளிந்து போகும். சில குட்டிகள் மலத்தைத் தின்றே மறைக்கப் பார்க்கும். என்னிடம் வரும் ‘எவ்வளவு அடித்தும் திருந்தாத’ குட்டிகளில் பல, அடியாலேயே இந்த நிலைக்கு வந்தவை.

‘தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்று உங்கள் மாமியார் சொல்லக்கூடும். காதை மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பும் அந்த முகத்தைப் பற்றி 2009-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் ஒரு சோதனையை வெளியிட்டார். எதிரில் உள்ள தின்பண்டத்தைத் தின்னாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியே போவார். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதை அவரிடம் சில முறை மாற்றியே சொன்னார்கள். தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும், திட்டு வாங்கிய நாய்தான் அந்த முகத்தைக் காட்டியது. அதாவது அது குற்ற உணர்ச்சி அன்று. எதிரில் நிற்பவரின் குரலையும் நிற்கும் விதத்தையும் கண்டு வரும் பயம். அந்தப் பயத்திலேயே சில குட்டிகள் தரையோடு தரையாகப் பதுங்கி இரண்டு சொட்டுச் சிறுநீர் விடும். அதற்கும் அடித்தால் இன்னும் இரண்டு சொட்டு வரும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். இன்றைக்கே வீட்டிலுள்ள கால்மிதிகள், பாய்கள், தரையில் கிடக்கும் துணிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாயை இரவில் விரித்துக் காலையில் சுருட்டி மேலே வைத்துவிடலாம். ஒரு மாதம் கால்மிதி இல்லாமல் இருப்பது வீட்டுக்குச் சிரமம்தான். ஆனால் ஒவ்வொரு முறை கால்மிதியில் போகும்போதும் அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முடிச்சு விழுகிறது.

குட்டி கேட்கும் சாக்கை, நீங்கள் விரும்பும் இடத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில், நான்கு விரல் ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டு இரண்டு வாங்குங்கள். தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலோ தென்னை நார்த் தூளோ பரப்பி, அதன்மேல் ஒரு சாக்குத் துண்டை விரியுங்கள். நார்த் தூள் ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும் என்பதால் என் முதல் தேர்வு அதுதான். மழைநீர்க் குழாய்த் தகராறும் அதோடு முடிந்துவிடும். ஒரு தட்டை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் வடகம் காயவைக்கும் இடத்துக்கும் தள்ளி, நிழல் விழும் மூலையில் வையுங்கள். மற்றொன்றைச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வையுங்கள். பகலில் உங்கள் மாமியார் மாடி ஏற வேண்டியதில்லை. இரண்டு இடம் என்றால் குட்டி குழம்பாதா என்று கேட்பீர்கள். காலுக்குக் கீழே ஒரே சாக்கு இருக்கும்வரை குழம்பாது. குட்டியின் சிறுநீரில் நனைந்த பழைய சாக்குத் துண்டு ஒன்றை முதல் நாள் அந்தத் தட்டில் போட்டுவைத்தால், வாசனையே வழி காட்டும்.

தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டு ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவிலும் முடிவிலும், இவை தவிர விழித்திருக்கும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை என்று குட்டியைத் தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால்தான் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டுக்கு வருகிறது. இந்த வயதில் பகலில் ஓய்வாகப் படுத்திருந்தாலே சிறுநீரை மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. ஓடி விளையாடும் குட்டிக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது.

‘கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதினேன். நடத்திப் போவது வேறு. மாடிப்படியில் விட்டால் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிடும். ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்னங்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, நேராகத் தட்டில் இறக்கிவிடுங்கள். கழுத்துப்பட்டையில் ஒரு சிறு கயிறு இருக்கட்டும். நீங்கள் ஒரே இடத்தில் நில்லுங்கள். பேச வேண்டாம், கைபேசியைப் பார்க்க வேண்டாம், குட்டியோடு விளையாடவும் வேண்டாம். முதல் ஒரு நிமிடம் அது உங்கள் செருப்பைக் கடிக்கும், காக்கையைப் பார்த்துக் குரைக்கும், கயிற்றை இழுக்கும். வேடிக்கை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூக்கு தரையில் இறங்கும். முகர்ந்தபடியே சின்னதாக ஒரு வட்டம் போடும், பிறகு அதைவிடச் சின்னதாக இன்னொரு வட்டம். சட்டென்று நின்று பின்னங்கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்தும். அப்போது மெதுவாக ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும் ‘மூச்சா’ போதும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். போய் முடித்து அது நிமிரும் அந்த நொடியிலேயே, அங்கேயே, பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டோ முட்டையோ பனீரோ கொடுத்துக் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் அது பரிசு. (சர்க்கரைப் பொங்கலில் இருந்து எடுத்த உலர் திராட்சையைப் பிள்ளைகள் கொடுத்துவிடப் போகிறார்கள், திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.)

அரை மணி நேரம் மாடியில் இருந்துவிட்டுக் கீழே வந்து போவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. மாடி அதற்கு விளையாட்டுத் திடலாகிவிட்டது. காற்றும் பறவையும் இருக்கும் இடத்தில் வயிற்றின் நினைவே வராது. வீட்டுக்குள் வந்து உடல் தளர்ந்ததும் நினைவு வருகிறது, எதிரில் கால்மிதி இருக்கிறது. எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் தட்டு, பிறகு விளையாட்டு. ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் கீழே கொண்டுவந்து, தரையில் விடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றை உங்கள் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி தூக்கிப் போங்கள். போன உடனே உள்ளே கூட்டிவந்துவிடவும் கூடாது. போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று புரிந்துகொண்ட குட்டி, அடக்கி வைத்துக்கொள்ளும்.

கண்காணிக்க ஆள் இல்லாத நேரத்தில் வீடு முழுவதும் அலைய விடாதீர்கள். உங்கள் மாமியார் சமைக்கும்போதும் கண்ணயரும்போதும், குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்கு மட்டும் இடமுள்ள கூண்டிலோ மறித்த மூலையிலோ இருக்கட்டும். தன் படுக்கையை நனைக்கத் தயங்கும் அந்தப் பிறவிக் குணம் அங்கே நமக்கு உதவும். ஆனால் விழித்தவுடன் தட்டுக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பகலில் அடைத்துவைத்தால் வேறு வழியின்றிப் படுக்கையிலேயே போய், இருக்கிற ஒரே நல்ல குணமும் கெட்டுவிடும். இந்தச் சில வாரங்களில் உண்மையான ஆசிரியர் நீங்கள் அல்ல, உங்கள் மாமியார்தான். முடிந்தால் முதல் வாரம் மட்டும் நீங்களும் கணவரும் மாறி மாறி இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்து அவரோடு சேர்ந்து செய்யுங்கள். குட்டி தட்டில் போய்விட்டு அவர் கையிலிருந்து முட்டைத் துண்டை வாங்கித் தின்பதை இரண்டு முறை பார்த்துவிட்டால், அடி என்ற பேச்சை அவரே எடுக்க மாட்டார். இந்த மாற்றத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உணவைக் கிண்ணத்தில் நாள் முழுவதும் வைக்காமல் நான்கு வேளை, குறித்த நேரத்தில் கொடுங்கள்; உள்ளே போவது நேரத்துக்குப் போனால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். கிண்ணம் நிறையப் பசும்பால் ஊற்றும் வழக்கம் நம் ஊரில் அதிகம். பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் இளக்கமாகப் போகும். இளக்கமாகப் போகிற குட்டியால் அடக்க முடியாது. தயிர்ச் சாதமும் முட்டையும் நன்றாக ஒத்துப்போகும். கடைசி உணவு இரவு ஏழரை மணிக்குள் இருக்கட்டும். தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். இரவில் நனைக்கிறதே என்று மாலையிலிருந்தே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலூர்க் கோடையில் அது ஆபத்து. அதற்குப் பதிலாக, படுக்கப் போகும்போது பத்தரை மணிக்கு ஒருமுறையும், அலாரம் வைத்து இரண்டரை மணி அளவில் ஒருமுறையும் விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் தூக்கிப் போய் வாருங்கள். மூன்றரை, நான்கு மாதம் ஆனதும் இந்த நடுராத்திரி வேலை பெரும்பாலும் தேவைப்படாது. ‘வேலூரில் வெயில் சதம்’ என்று செய்தித்தாளில் வரும் நாட்களில் காலை ஒன்பதுக்கு மேல் மாலை ஆறு வரை மொட்டை மாடியே வேண்டாம். புறங்கையைத் தளத்தில் ஏழு வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் பொசுங்கும். ஒருமுறை பொசுங்கினால் அந்த இடத்தையே அது வெறுக்கும்.

தப்பி எங்காவது போய்விட்டால், போகும்போதே பார்த்தால் கையைத் தட்டி ஓர் ஓசை எழுப்பித் தூக்கிப் போய்த் தட்டில் விடுங்கள். மீதியை அங்கே போனாலும் பரிசு உண்டு. போன பிறகு பார்த்தால் குட்டியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். துடைப்பதில் ஒரு விஷயம்: பினாயில் ஊற்றினால் நமக்குத்தான் வாசனை மறைகிறது, நாயின் மூக்குக்கு அடியில் இருப்பது மறைவதில்லை. அதோடு, பினாயில் பட்ட பாதத்தைக் குட்டி நக்கினால் அதற்குக் கெடுதல். அம்மோனியா கலந்த திரவங்களும் கூடாது, அவற்றின் நெடி சிறுநீரின் நெடியோடு சேர்ந்த ஒன்று. செல்லப் பிராணிக் கடைகளில் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கும். சிறுநீரின் கழிவைச் சிதைத்து வாசனையை அடியோடு எடுப்பது அதுதான். கிடைக்காவிட்டால் சோப்புத் தூள் கரைத்த வெந்நீரால் கழுவி, டைல்ஸ் தரையாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடையுங்கள். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் படக் கூடாது. கால்மிதியையும் பாயையும் அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

தட்டில் விழும் மலத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். குட்டிகளின் வயிற்றில் இருக்கும் உருளைப் புழுவின் முட்டை சில வாரங்கள் மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும் தன்மை பெறும். தினமும் அள்ளினால் அந்த ஆபத்து பிள்ளைகளை நெருங்காது. மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். கடிதத்தில் தடுப்பூசியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு எப்போது அழைத்துப் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே ஊசி போட்ட குட்டியைத் தெரு நாய்கள் கழிக்கும் காலி மனையில் இறக்கிவிட்டு, நான்காம் நாள் இரத்தமாகப் போகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு. எல்லாக் குட்டிகளையும் எங்களால் காப்பாற்ற முடிந்ததில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி என்று பதினாறு வாரம் வரை போட்டு முடித்து, கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் கழியட்டும்; மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்தவகையில் உங்கள் மொட்டை மாடி இப்போதைக்கு ஒரு வரம். தெருவுக்குப் போகத் தொடங்கும்போது, தட்டில் நனைந்த நார்த் தூளில் ஒரு கைப்பிடியைக் கொண்டுபோய் நீங்கள் தேர்ந்த மண்ணில் தூவினால், இதுவும் தன் இடம்தான் என்று குட்டி ஏற்றுக்கொள்ளும்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். ஒழுங்காகச் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் தவறுகள் எண்ணி விடக்கூடிய அளவுக்குக் குறையும். முழு நம்பிக்கை வைக்க ஐந்து ஆறு மாத வயதாகும். நடுவில் விருந்தாளி வந்தாலோ மழை பெய்தாலோ மறுபடி தவறும், அதற்காக மனம் தளர வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகப் போனால், முக்கினால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று தவறத் தொடங்கினால், அது பழக்கத்தின் குறை அன்று. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து தட்டிலேயே போனால், தட்டில் உள்ள சாக்குத் துண்டை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பாகம் வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நார்த் தூள் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். சாக்கை மறந்து நார்த் தூளைக் கால் ஏற்றுக்கொண்ட பிறகு, முதலில் தெருவாசல் கதவருகே ஒரே ஒரு கால்மிதியைப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அது காய்ந்தபடியே இருந்தால் அடுத்ததைப் போடலாம். பூஜை அறை வாசலில் இருந்த பழைய கால்மிதியை மட்டும் திரும்பப் போடாதீர்கள். அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கி, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போடுங்கள்.